எறும்பு தொடாத இடம்

வடிவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். வயிற்றில் இருக்கிற பிள்ளை சொந்த வீட்டில் பிறக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து புருஷனுக்கு அண்ணனான மூத்தார் வீட்டில், ஆடு கட்டுகிற பக்கமாகப் பாய் விரித்துப் படுத்திருந்தவள் அவள். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள். அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை.

எங்கள் ஜவ்வாது மலையூரில் வீடு கட்டுகிறவன் முதலில் மண்ணைக் கேட்க வேண்டும். இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, சாமையைக் குவியலாக வைத்து, புதுச் சட்டியால் மூடிவிட்டு வருவோம். விடிந்ததும் ஊர்க்கவுண்டர் சட்டியை எடுத்துப் பார்ப்பார். எறும்போ கரையானோ குவியலைக் கலைத்திருந்தால் அந்த இடம் ஆகாது. கலையாமல் இருந்தால் மண் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம்.

வடிவின் புருஷன் ராஜாக்கண்ணு முதலில் மேட்டில்தான் வைத்தான். அது சரளை மண், கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். காலையில் பார்த்தால் பாதிச் சாமையை எறும்பு தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஊர்க்கவுண்டர் சிங்காரம் உதட்டைப் பிதுக்கினார். அடுத்து, சரிவுக்குக் கீழே, சித்திரை வெயிலிலும் புல் பச்சையாக நிற்கிற இடத்தில் வைத்தான். அங்கே ஒரு மணிகூடக் கலையவில்லை.

"இதாண்டா உன் மண்ணு. எறும்புகூடத் தொடல பாரு!" என்றார் ஊர்க்கவுண்டர். ராஜாக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை.

மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் கொத்தனாரிடம் வேலை செய்துவிட்டு வந்தவன் அவன். எங்கள் மூங்கில் தட்டிச் சுவர் அவனுக்கு இளக்காரம். கீழூர்க்காரர்கள் மாதிரி கனமான மண்சுவர்தான் வேண்டும் என்று அஸ்திவாரம் தோண்டினான். மண் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த வடிவு திடீரென்று நின்றாள். அவள் கூடையில் ஒரு நண்டு ஊர்ந்தது.

"இன்னாங்க இது, வூட்டுக்குத் தோண்டற குழில நண்டு கீது?"

"தானா வர்றத ஏன் வாணாங்கற? கொழம்பு வெய்யி."

"நண்டு கீற எடத்துல தண்ணி இருக்குங்க. மேட்டுலயே கட்டிக்கலாம்."

"எறும்பு கலைச்ச எடத்துலயா? கவுண்டரு சொன்னதவிட ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

கூட இருந்த ஆம்பிளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஐந்து மாத வயிற்றோடு அவள் மறுபடி குனிந்து மண்ணை அள்ளினாள்.

ஆனியில் குடிபோனார்கள். ஆவணியில் பெண் பிறந்தது. ஆசைப்பட்டபடி சொந்தக் கூரைக்குக் கீழேதான் பிறந்தது. பூங்கோதை என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்களில் வடிவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சுவரின் அடிப்பக்கம் எப்போதும் ஈரம் கசிந்தது. அவள் சாம்பலைத் தூவித் தூவிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாரச் சந்தை நாள், ராஜாக்கண்ணு ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தான். பிள்ளையைத் தூளியில் தூங்க வைத்துவிட்டு, நனைகிற ஆட்டைப் பிடித்துக் கட்ட வடிவு வெளியே வந்தாள். அவள் கண்ணெதிரில் சுவர் அப்படியே உட்கார்ந்தது. கூரை அதன்மேல் விழுந்தது. அவள் கத்தின கத்தலில் ஓடிப்போய் எல்லோரும் கையாலேயே சேற்றை வாரினோம். தூளித் துணி முதலில் வந்தது. பிறகு பிள்ளை வந்தது. உயிர் இல்லை.

புதைத்த ஈரம் காயுமுன் ஊர் பேச ஆரம்பித்தது. சாமை கலையவில்லையே, அப்புறம் மண்மேல் என்ன குற்றம்? இவள்தான் தீட்டோடு அஸ்திவாரத்தில் இறங்கியிருப்பாள் என்றார்கள்.

"வயித்துப் புள்ளக்காரிக்கு ஏதுடா தீட்டு? வாய் கூசல உங்களுக்கு?" என்று ஊர் நடுவில் நின்று கத்தினேன். ஒவ்வொருத்தனாக நகர்ந்து போனார்கள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

ராஜாக்கண்ணு யாரோடும் பேசாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, சுவர் இருந்த இடத்தில் தோண்டினான். இடுப்பளவு ஆழத்தில் ஊற்று பொங்கி வந்தது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஈரத்தில் புற்று வைக்க முடியாது என்று எறும்பு அங்கே அண்டவில்லை, அவ்வளவுதான். மேட்டில் மண் காய்ந்து கெட்டியாக இருந்ததால் அங்கே குடியிருந்தது. இதை மண்ணின் சம்மதம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மறு கோடையில் ஊரே தண்ணீர் எடுக்கிற ஓடை வற்றி ஒழுகலாகிவிட்டது. ராஜாக்கண்ணு தோண்டின குழி மட்டும் வற்றவில்லை. ஊரே சேர்ந்து அதை ஆழப்படுத்திக் கல் கட்டிக் கிணறாக்கியது. நல்ல தண்ணீர், இனிப்பாக இருக்கும். ஊரில் எல்லோரும் அதில்தான் எடுக்கிறோம். வடிவு மட்டும் குடத்தோடு அதையும் தாண்டிக் கீழே இறங்கி, ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வருவாள். திமிர் பிடித்தவள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் கிணற்றடியில் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அந்த வழியாகப் போனாள். மனசு கேட்கவில்லை.

"இன்னாடி வடிவு, இங்க இவ்ளோ தண்ணி கீது. இந்த வெயில்ல அவ்ளோ தூரம் போவணுமா?"

நின்றாள். கிணற்றைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மழையில அதுவே என் வூட்டுக்குள்ள வந்துச்சுக்கா. இப்ப நானே போய்க் கூப்ட்டு வரணுமா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். என் குடம் நிரம்பியிருந்தது. அப்படியே கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. வீட்டில் உலை வைக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தேன்.