டீ வந்தால் கம்பியைத் தாண்டலாம்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியம்கூட என்னுடையது இல்லை. ஓசூர் உழவர் சந்தையில் எனக்கு வாராவாரம் தக்காளி நிறுத்துப் போடும் பெண் சொன்னது. அவளுக்கு இங்கே சுகுணா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"நல்லது செய்யலாம்னு டீ எடுத்துக்கினு போனன்க்கா. அதான் தப்பாப் பூடுச்சி."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தராசில் கத்தரிக்காயைப் போடத் தொடங்கிவிட்டாள். யாருக்கு டீ, என்ன தப்பு, எதுவும் சொல்லவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "வாங்கியாச்சின்னா நகுரும்மா" என்றார். நகர்ந்தேன். மீதியெல்லாம் நான் கட்டியது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ரத்தினவேல், தென்காசிக்காரர், பொங்கலுக்குச் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார். போன வாரம் லிஃப்டில் என்னை மடக்கினார்.

"மேடம், வடக்கேருந்து வந்து நம்ம பக்கத்துத் தோட்டங்கள்ல வேலை பாக்காங்கள்லா, அவங்களுக்கு நன்றி சொல்லுத மாதிரி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. படிச்சா மனசு நெறையணும், பாத்துக்கிடுங்க."

நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பளபளவென்று வருகிற சாமானில் கீறல் எங்கே என்று தேடுவது என் பிழைப்பு. மனசு நிறைகிற மாதிரி எழுத என்னிடம் கேட்டது அவர் தப்பு.

2

முதல் தொடக்கம்:

"நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் முகம் தெரியாத ஒருவரின் வியர்வை—"

(வேண்டாம். வியர்வை விழுந்த சோற்றை யார் சாப்பிடுவார்கள்? முகம் தெரியாது என்பதும் பொய். ஷேர் ஆட்டோவில் நமக்கு எதிரில்தான் உட்கார்ந்து வருகிறார்கள். நாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.)

இரண்டாவது தொடக்கம்:

"தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காடு ஆரம்பிக்கும் இடத்தில், பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சூரியன்—"

(சூரியன் வரட்டும், போகட்டும். அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

மூன்றாவது. கம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

சுகுணாவின் கணவன் மாதேஸ்வரன். அவனுடைய தக்காளித் தோட்டம் காட்டை ஒட்டி இருக்கிறது. யானைக்கூட்டம் தக்காளியைத் தின்ன வேண்டியதில்லை, ஒரு ராத்திரி குறுக்கே நடந்து போனாலே அந்தப் போகம் முடிந்தது. அதனால் தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்திருக்கிறான். பொழுது சாய்ந்ததும் நீண்ட மூங்கில் கழியால், மேலே போகிற மின்கம்பியில் ஒரு கொக்கியை மாட்டிவிடுவான். விடியும் வரை முழங்கால் கம்பியில் மின்சாரம் ஓடும். இது குற்றம். அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.*

* கம்பியைப் பற்றிச் சந்தைக்காரி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பியை நான் போட்டேன். டீயால் ஒரு தப்பு நடக்க வேண்டுமானால் எங்கே நடக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் இங்கே வந்து நின்றேன்.

காலையில் அவனே கொக்கியைக் கழற்றுவான். கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, சுகுணா போட்டு வைத்திருக்கும் டீயைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு வேலையாட்களின் தகரக் கொட்டகைக்குப் போவான். அவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். டீ குடிப்பார்கள். குடித்துவிட்டுக் கம்பியைத் தாண்டித் தோட்டத்தில் இறங்குவார்கள்.

இந்த ஒழுங்கை யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் பேச்சு அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேச்சு அவனுக்குப் புரியாது. வந்த புதிதில் ஒரு நாய் அந்தக் கம்பியில் விறைத்துக் கிடந்ததை அவர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம் டீ வராமல் ஒருவரும் கம்பிப் பக்கம் போவதில்லை. டீ வந்தால் கம்பி செத்துவிட்டது. அவர்களாகக் கண்டுகொண்டது அது. மாதேஸ்வரனும் அதைக் கவனித்தான். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டான்.

சுகுணாவுக்கு மட்டும் இது தெரியாது. அவளுக்கு டீ என்பது அடுப்பில் கொதிக்கிற டீதான்.

3

இப்போது ஏத்வாரி. அந்தக் கூட்டத்தில் முன்னால் நடக்கிறவள்.

முதல் படியில் அவளை எப்போதும் சிரித்த முகமாக எழுதியிருந்தேன். எவ்வளவு வேலை கொடுத்தாலும் சிரிப்பாள், மழையில் நனைந்தாலும் சிரிப்பாள். படித்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது. (நன்றி வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவர் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டுமா என்ன?) மொத்தமாக அடித்துவிட்டேன்.

இரண்டாம் படியில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புகையிலையை அதக்கிக்கொண்டு சும்மா நிற்கும் கணவன் மங்ராவின் முதுகைக் குறிபார்த்து, வெடித்த தக்காளியை எறிவாள். ஊருக்குப் போன் போட்டால் அழமாட்டாள், சண்டை போடுவாள். மாதேஸ்வரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பதை அவன் முதுகுக்குப் பின்னால் அப்படியே நடந்து காட்டுவாள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். தக்காளி என்றாலே அவளுக்குப் பிடிக்காது.

எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

இவளுக்கு ஒரு வழக்கம். காலையில் காலிக் கிரேட்டுகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கால் தெரியாது, கம்பி தடுக்கும். அதனால் இவள் முன்னால் ஓடிப்போய்க் குனிந்து, கம்பியைக் கையால் கீழே அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். எல்லாரும் தாண்டிய பிறகு விடுவாள்.

(இந்த வழக்கத்தை எடுத்துவிடலாமா என்று நிறையத் தரம் யோசித்தேன். எடுத்தால் பயம் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கு யாராவது ஒருத்தர் கம்பியைப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? அது இவளாகத்தான் இருப்பாள். இவளை எழுதிய எனக்குத் தெரியாதா?)

4

நன்றி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது இல்லாவிட்டால் ரத்தினவேல் கோபித்துக்கொள்வார்.

அறுப்பு நேரத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டது. பழுத்த தக்காளி மழையில் நின்றால் செடியிலேயே வெடிக்கும். உள்ளூர் ஆட்கள் யாரும் வரவில்லை. ஏத்வாரியும் மற்றவர்களும் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்று பறித்தார்கள். லாரி நிறைந்து போனது. சுகுணா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுனா செய்யணுங்க அவங்களுக்கு" என்றாள் மாதேஸ்வரனிடம்.

"கூலி குடுக்கறமில்ல?"

"கூலி வேற, இது வேறங்க. நம்ம சனமே வரலியே."

"இன்னா செய்யணுங்கற? சால்வ போத்திப் போட்டா புடிக்கப் போறியா?"

சுகுணா அடுப்படிக்குப் போனாள். வெல்லப் பாகு காய்ச்சிக் கச்சாயத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த மழை வாரத்தில் நானும் தக்காளி வாங்கினேன். ரசம் வைத்தேன், சூடாக நன்றாக இருந்தது. இத்தனை மழையில் இது எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியது.

5

அந்தக் காலை.

ராத்திரி முழுக்கக் காட்டோரப் பரணில் யானையை விரட்ட வெடி போட்டுக்கொண்டிருந்த மாதேஸ்வரன், வெளுக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தான். கொக்கியைக் கழற்றவில்லை. மறந்து போனான் என்று எழுதினேன், அது சரியில்லை. அவன் மறக்கவில்லை. டீ இன்னும் போகவில்லை, போகும் வரை ஒருத்தரும் இறங்கமாட்டார்கள், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுக் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். டீயை நம்பித்தான் தூங்கினான்.

சுகுணாவுக்கு அது வசதியாகப் போயிற்று. எழுந்தால் கேலி பேசுவான். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே இஞ்சி தட்டிப் போட்டுக் கெட்டிப்பாலில் டீ வைத்தாள். தட்டு நிறையக் கச்சாயம் எடுத்துக்கொண்டாள். கொக்கி அவள் நினைப்பிலேயே இல்லை. அது ராத்திரிச் சமாச்சாரம், ஆம்பளை பார்க்கிறது.

கொட்டகையில் அவளைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"குந்துங்க, குந்துங்க. இந்தா, நீ புடி." ஏத்வாரியின் கையில் கச்சாயத்தைத் திணித்தாள். "தின்னு பாரு. நானே சுட்டது."

ஏத்வாரி ஒரு கடி கடித்தாள். கண் விரிந்தது. "மீட்டா!"

"ஆங், மீட்டாதான். வெல்லம். நல்லாத் தின்னு."

மங்ரா கையை நீட்டினான். ஏத்வாரி அவன் கையைத் தட்டிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், சுகுணாவும்தான். இந்தக் கதையில் இதுவரை யாரும் இப்படிச் சேர்ந்து சிரிக்கவில்லை. இவர்களை இங்கேயே வைத்திருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

டீ தீர்ந்துவிட்டது. எழுதுகிறவள் நான்தானே, தூக்குப்போசியை மறுபடி நிரப்பினேன். இரண்டாவது டம்ளர் குடித்தார்கள். இன்னொரு தரம் நிரப்பினேன். மங்ரா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்தான்.

கிரேட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். ஏத்வாரி முன்னால் போனாள். சுகுணா டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, மனசு நிறைந்து, நிமிர்ந்தாள். மேலே மின்கம்பியில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

6

இதுவரை எழுதியதை ரத்தினவேலிடம் காட்டினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், என்ன இப்படிக் கொண்டாந்து நிப்பாட்டிட்டீங்க? கரண்டு போயிருச்சின்னு வச்சிருங்க. நம்ம ஊர்ல போவாத கரண்டா?"

முயன்றேன்: "அந்த நொடியில் மின்சாரம் நின்று—"

(நின்றால் நன்றியை மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.)

அடுத்து மாதேஸ்வரன் திடுக்கிட்டு விழித்து ஓடி வந்து காப்பாற்றுவதாக எழுதினேன். ஓட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் கம்பியைப் போட்டவனையே கடைசியில் கதாநாயகன் ஆக்குகிறோமே என்று உறுத்தியது. அவன் வேட்டி தடுக்கி விழட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது முடிவையும் எழுதினேன், பொய் சொல்லப் போவதில்லை. அதில் ஏத்வாரி கம்பியைத் தொடுகிறாள். போலீஸ் வருகிறது. மங்ரா அவள் உடலை ராஞ்சிக்கு எப்படி எடுத்துப் போவது என்று புரியாத பாஷையில் யார் யாரையோ கேட்கிறான். ஒரு பக்கம் முழுக்க எழுதி, நானே அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகி, எழுந்து போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தேன். அதைப் பார்த்துத்தான் பயந்து போனேன். அவளைக் கொன்றுவிட்டு எனக்குப் பசிக்கிறது. அந்தப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

7

ஆகவே மறுபடி கொட்டகை வாசல். சுகுணா நிற்கிறாள். ஏத்வாரி போய்க்கொண்டிருக்கிறாள்.

மூங்கில் கழி வீட்டுப் பின்புறத்தில் சாத்தியிருக்கிறது, எடுத்து வர நேரம் கிடையாது. ஓடிப் பிடிக்கவும் முடியாது. கத்தலாம். கத்தினால் நின்றுவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அதையே நினைத்து, பெருமூச்சு விட்டு எழுதினேன்.

சுகுணா கத்தினாள்.

எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தோட்டத்தில் வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். லாரி வந்துடுச்சி. மழ வருது. வெயில் ஏறுது. சீக்கிரம், சீக்கிரம். வந்த நாளிலிருந்து அவர்களைப் பார்த்துக் கத்தியதெல்லாம் அது ஒன்றுக்காகத்தான். நில்லு என்று இங்கே ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை. சொல்லும்படி ஒரு நாளும் நமக்குத் தேவைப்படவில்லை.

ஏத்வாரி திரும்பிப் பார்த்தாள். சுகுணா தட்டைப் போட்டுவிட்டு, ஓடிக்கொண்டே இரண்டு கையையும் வீசினாள். மாதேஸ்வரனும் தினம் இப்படித்தான் வீசுவான். ஏத்வாரி சரி சரி என்று தலையாட்டினாள். பின்னால் வருகிறவர்களை அவள் பாஷையில் ஒரு அதட்டு அதட்டினாள். நடையை எட்டிப் போட்டாள்.

இப்போது கம்பிக்கு முன்னால் வந்துவிட்டாள். குனிகிறாள்.

என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. சுகுணா மறுபடி வாயைத் திறந்திருக்கிறாள், அதில் வைக்க என்னிடம் சொல் இல்லை. நீங்கள் அவள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். என்ன சொல்லி நிறுத்துவீர்கள்?

சொல்லுங்கள். சீக்கிரம்.