மற்றவை

“நான் என்ன அண்டா குண்டாவா, மத்தவைன்னு போட்டிருக்கு?”

முத்துப்பேச்சியின் குரல் சின்னமனூர் டிராவல்ஸ் கடையைத் தாண்டிப் பக்கத்து டீக்கடைவரை போனது. அங்கே நாலு பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“ஏன்டி கத்துற. கம்ப்யூட்டரு போட்டது அது,” என்றார் வீரணன்.

“பதினெட்டு வருசமா எங்கூட இருந்தது கம்ப்யூட்டராக்கும்.”

கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையை வைத்த நதியா கல்லாவுக்குப் பின்னால்தான் நின்றாள். தை அமாவாசை ராமேஸ்வரம் வேனுக்கு நோட்டும் போனுமாக ஆள் சேர்த்துச் சலித்தவள், நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே இருக்கும் ஒரு செயலியில், வீடியோ பார்த்துக் கட்டங்களை இழுத்து வைத்து முன்பதிவுப் படிவம் செய்திருந்தாள். குடும்பத்துக்கு ஒருவர் தலைவர். அவர் தன் ஆட்களின் பெயரைப் போட்டு, எதிரே உறவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனைவி, மகன், மகள் என்று வரிசையாக வரும். எதற்கு உறவு என்று கேட்டால் சீட்டைச் சேர்த்துப் போட என்பாள். ஊர்க்கதை அறியும் ஆசையும் கொஞ்சம் உண்டு. வரிசையின் கடைசியில் செயலி தானாகத் தந்த ‘மற்றவை’யை அப்படியே விட்டிருந்தாள். மற்றவர் என்றாவது மாற்றியிருக்கலாம்.

வீரணன் பொண்டாட்டி செத்த மறுவருடம் அந்த வீட்டுக்கு வந்தவள் முத்துப்பேச்சி. தாலி இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. அவர் மகன் தமிழ்மாறனுக்குப் பேன் பார்த்தாள், வயலுக்குச் சோறு சுமந்தாள், கால் ஒடிந்து அவர் கிடந்த மூன்று மாதமும் அள்ளிக் கொட்டினாள். தெரு அவளை வீரணன் வீட்டம்மா என்றே சொல்லும், முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் சொன்னதை விடுங்கள்.

இப்போது அவள் பெயருக்கு எதிரே வீரணன் ‘மற்றவை’ போட்ட பட்டியலைச் செயலி தானாகவே வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டது. இருபத்தாறு பேர் பார்த்தாயிற்று.

“பத்தே செகண்டுதான்க்கா, மாத்திர்றேன்,” என்று நதியா மவுசைப் பிடித்தாள்.

“நீ தொடாதத்தா. போட்டவுக மாத்தட்டும்.”

அவர் போனுக்குப் போன லிங்கில் ஆறு மணிவரை திருத்தலாம். எங்கே தொட வேண்டும் என்று நதியா காட்டினாள். வீரணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டியலைத் திறந்தார். ‘மனைவி’ முதலிலேயே இருந்தது. விரல் அதற்கு மேலே நின்றது.

“பொண்ணு வீட்டாளுகளும் வேன்ல வாராக,” என்றார், யாரையும் பார்க்காமல். “குரூப்ப அவுகளும் பாப்பாக. பய கல்யாணம் முடியட்டும் பேச்சி.”

“முடியட்டும்,” என்றாள் முத்துப்பேச்சி. சத்தம் இறங்கிவிட்டது, டீக்கடையில் இருந்தவர்கள்தான் பாவம், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நதியா யாருக்கும் சொல்லாமல் ஆறு மணியை ஏழாக்கினாள். ஆறரைக்கு டீ குடிக்கப் போன வீரணன் ஏழுக்கும் வரவில்லை.

ராமேஸ்வரம் போன வேனில் முத்துப்பேச்சிக்குப் போட்ட பதினாலாம் சீட் காலியாகப் போய்க் காலியாக வந்தது. தமிழ்மாறனுக்கு வைகாசியில் போடிப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. மேடையில் அம்மா இடத்தில் அத்தை நின்றாள். ஜோடி திருப்பூருக்குக் குடிபோனபோது வீரணனையும் கூட்டிப்போனார்கள். முத்துப்பேச்சி அதற்கு வெகுமுன்பே மலையேறிவிட்டாள். வண்டன்மேட்டில் ஏலக்காய் பிரிக்கும் வேலையாம், எஸ்டேட் லைன் வீடாம். யாருக்கும் புது நம்பர் தரவில்லை.

ஆடி அமாவாசை வேனுக்குப் படிவம் திறந்த அன்றே திருப்பூரிலிருந்து ஒரு பதிவு வந்தது. தலைவர்: வீரணன். நபர்கள்: இரண்டு. முத்துப்பேச்சி, மனைவி. செயலி வழக்கம்போல அதைக் குழுவில் போட்டது. நதியா மேலே தள்ளிப் பார்த்தாள். தை மாதத் தேதிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

முத்துப்பேச்சி வெளியேறினார்.