ஈரச் சாக்கு, அன்னாசி, மிளகு

என் மனுசன் நல்லரெத்தினம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க வீட்டில் வாய் திறந்த ஆளில்லை. "சோறு போடு", "போயிட்டு வாறன்", அதோடு சரி. கலியாணமான புதிதில், இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்கவில்லையாக்கும் என்று அழுதுகூட இருக்கிறேன். ஓய்வு பெற்றார், எல்லாம் தலைகீழாகிவிட்டது. காரைதீவில் எங்கள் வீட்டு முன் குசினியில் விடியக்காலை நான் அப்பச்சட்டியை அடுப்பில் வைத்தால் போதும், பக்கத்தில் பலகையைப் போட்டுக் குந்தி, "கொழுந்து, கொழுந்து" என்று என்னைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லிக்கொண்டேயிருப்பார்.

"இண்டைக்குத் தேங்காய்ப்பால் நல்ல மணம், கொழுந்து."

"சட்டி ஓரம் கருகப் பாக்குது."

"இந்தத் தேங்காய் பழசு போல, சிக்கு மணம் ஒண்டு வருது. வேற துருவு."

ஒரு நாளா, இரண்டு நாளா? அப்பம் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். "வாயை மூடிட்டு இருங்க. அப்பம் சுடுறது நானா, நீங்களா?" என்று நான் சத்தம் போடாத காலையே கிடையாது. அடுத்த அப்பம் வேகுமுன்னே அவர் சம்பலின் மணத்தைப் பற்றித் தொடங்கிவிடுவார்.

அவர் ஓய்வு பெற்றதும் கொரோனா வந்ததும் ஒரே வருசம். எனக்கும் வந்தது. காய்ச்சல் விட்டது, போகும்போது என் மூக்கையும் கொண்டு போனது. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்திருந்தேன், வரவில்லை. நாக்கில் உப்பு, புளி, இனிப்பு, கசப்பு மட்டும் மிச்சம். மல்லிகையும் ஒன்றுதான், மீன் செதிலும் ஒன்றுதான் எனக்கு.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பம் சுடுகிறவளுக்கு மணம் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. என்னிடம் இரண்டு பானை இருந்தது. ஒன்று கள்ளு ஊற்றிப் புளிக்கவைத்த மா, எங்கள் ஆட்களுக்கு. மற்றது இளநீரில் புளிக்கவைத்த மா, சாய்ந்தமருதிலிருந்து வருகிற முஸ்லிம் வாடிக்கைக்காரருக்கு. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளை. அடையாளம் வைத்தாலும் விடியக்காலை அவசரத்தில் கரண்டி மாறும், மூக்குத்தான் காட்டிக்கொடுக்கும். ஸைனம்பு ராத்தா பேரப்பிள்ளைகளுக்கு அப்பம் வாங்கும்போது ஒரு நாளும் "எந்தப் பானை?" என்று கேட்டதில்லை. அந்த நம்பிக்கையில் நான் ஒரு கரண்டி மாற்றி ஊற்றினால் எந்த முகத்தோடு அவவைப் பார்ப்பேன்? அதனால் கள்ளுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி, இனிக் கள்ளு தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மனுக்கே தெரியாத நேர்த்தி. கள்ளு அப்பமென்றால் உயிரை விடும் என் மனுசன் அதைக் கேட்டு ஒரு சொல்லும் முறுமுறுக்கவில்லை. நல்லகாலம் என்று நினைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மகன் நிதர்சன் லீவில் வந்தான். பெல்ஜியத்தில் ஒரு சின்னப் பியர் ஆலையில் வேலை. முதலில் போத்தல் கழுவினான், இப்போது பியர் காய்ச்சுகிறான். வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து, இரண்டு காற்சட்டைக்குள் சுருட்டி வைத்த போத்தலொன்றை எடுத்தான். தடித்த பச்சைப் போத்தல், வாயில் தக்கை, தக்கைக்கு மேலே கம்பி. சொக்ஸுக்குள்ளிருந்து காம்பு வைத்த கிளாஸ் ஒன்றும் வந்தது.

"அம்மா, இது நான் செஞ்சது. என்ட பியர்" என்றான்.

"பொம்பிளைக்குப் பியர் கொண்டு வந்த முதல் மகன் நீதான்டா" என்றேன்.

"சிரிக்காதீங்க. இதை நீங்கதான் ருசி பாத்துச் சொல்லோணும். நான் போகக்க உங்கட கள்ளு மாவில கொஞ்சம் துணியில காயவச்சுக் கொண்டு போனநான், ஞாபகமா? அதில இருந்த ஈஸ்டைத்தான் அங்க உயிர்ப்பிச்சு இதுக்குள்ள விட்டநான். கடை ஈஸ்ட் சொன்னதைக் கேக்கும். இது கேக்காது. காத்தில, கள்ளில, பழத்தோலில தன்பாட்டில வாறது. காட்டு ஈஸ்ட் எண்டு சொல்லுவாங்க. மரப் பீப்பாவில கிடந்து, தன்ட இஸ்டத்துக்குத்தான் ஊறினது."

"சரி, அதுக்கு நான் என்ன சொல்லோணும்?"

"முதலாளிக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. என்ட பேரிலேயே விப்பம் எண்டு சொல்றார். நான்தான் பொறுங்க எண்டன். அம்மாட மா மணம் இதில இருக்கா இல்லையா எண்டு அம்மா சொல்லோணும். இருந்தா விப்பன். இல்லாட்டித் திரும்பக் காய்ச்சுவன்."

கடல் தாண்டி என் மாவைக் கொண்டுபோய் வளர்த்து, மூக்கில்லாத என்னிடம் கொண்டுவந்து மணக்கச் சொல்கிறான். இருக்கு என்று பொய் சொல்லலாம். ஆனால் அவன் என் பேச்சை நம்பித் தன் பேரைப் போத்தலில் ஒட்டப் போகிறான். இல்லை என்றாலும் பொய்தான். உள்ளதைச் சொன்னால் அடுப்படியிலிருந்து என்னை அன்றைக்கே எழுப்பிவிடுவான். அப்பம் சுடுவதை விடு என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறவன் அவன்.

மறுநாள் காலை யாவாரம் முடிந்து, சட்டி ஆறி, ஸைனம்பு ராத்தாவும் தன் பார்சலைக் கட்டிக்கொண்டு போன பிறகு படலையைச் சாத்தினேன். ஊர் பார்த்தால் வேறு கதை கட்டும். மூவரும் குசினியில் குந்தினோம். நிதர்சன் கம்பியை முறுக்கிக் கழற்றினான். தக்கை டப்பென்று பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. தேன் நிறத்தில், கொஞ்சம் கலங்கலாக, பொங்கப் பொங்க ஊற்றி என் கையில் தந்தான்.

"முதல்ல மணந்து பாருங்கம்மா."

கிளாஸை மூக்கடியில் பிடித்தேன். ஒன்றுமில்லை. மகன் கண்வெட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"இஞ்ச தா" என்று என் மனுசன் கையை நீட்டினார். "பாரமான சாமான் போல இருக்கு. கொழுந்து குடிச்சு விழுந்திட்டா ஆர் தூக்கிற?"

வாங்கி மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். பிறகு தொடங்கினார்.

"முதல்ல ஈரச் சாக்கு மணம் வருது. மழையில நனைஞ்ச நெல்லுச் சாக்கு. கொஞ்சம் மாட்டுப்பட்டியும் சேந்து. கூடாத மணமில்ல, பட்டிக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி. அது போனா அன்னாசி. நல்லாப் பழுத்துத் தோல் வெடிச்ச அன்னாசி. பிறகு கடைசியில மிளகு, ரசத்துக்கு அப்பத்தான் இடிச்ச மிளகு. இதுகளுக்கெல்லாம் அடியில..." நிறுத்தி இன்னொரு முறை இழுத்தார். "அடியில உன்ட கள்ளுப் பானை இருக்கு கொழுந்து. விடியக்காலையில மூடியைத் திறந்தா மூஞ்சியில அடிக்குமே, அது. அந்தப் புளிப்பும் இனிப்பும். அப்படியே இருக்கு."

சொல்லிவிட்டுக் கிளாஸை என் கையில் திருப்பித் தந்தார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தே சொன்னார். ஒவ்வொன்றாக, மெதுவாக, பாடம் மறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருக்கிறவன் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேங்காய்ப்பால் மணக்குது, சட்டி கருகுது, இந்தத் தேங்காய் பழசு. இத்தனை வருசமும் அடுப்படியில் குந்திக்கொண்டு இந்த மனுசன் அலட்டவில்லை. எனக்கு மூக்காக இருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும், மகன் சந்தோசமாகப் போவான். அதற்காகத்தான் அவர் சொன்னார். ஆனால் வாய் வரவில்லை. கிளாஸைக் காதடியில் வைத்தேன். மூக்குப் போன பிறகு இளநீர் மாவுக்கும் இப்படித்தான் செய்வேன், புளித்தது போதுமா என்று பானைக்குக் காது கொடுப்பேன். உள்ளே நுரை உடைகிற சத்தம் பொரிந்துகொண்டு கேட்டது. பிறகு ஒரு வாய் குடித்தேன். நாக்கில் புளிப்பு, அதன் பின்னால் கசப்பு, தொண்டையில் நல்ல சூடு.

"மனே, எனக்கு மணம் தெரியா" என்றேன். "கொரோனாவோட போனது, இன்னும் வரல்ல. சத்தம் நம்முட மாவுட சத்தம்தான். புளிப்பும் அதுதான். மத்ததெல்லாம் அப்பா சொன்னதை நம்பு. நான் நம்புறன்."

நிதர்சன் என்னைப் பார்த்தான், பிறகு தகப்பனைப் பார்த்தான். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"காய்ச்சல் விட்ட கிழமையே தெரியும். அடுப்பில கருவாடு கருகி வீடெல்லாம் மணக்குது, உன்ட அம்மா பக்கத்தில நிண்டு பாட்டுப் பாடிக் கொண்டு வெங்காயம் வெட்டுறா."

"பிறகு ஏன் என்னட்டக் கேக்கல்ல?" என்றேன்.

"நீ சொல்லல்ல. நீ மறைக்கிறதெண்டா ஏதும் காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா ஒண்டு சொல்றன் கொழுந்து. எனக்குக் கதைக்கிறதெண்டாலே ஆகாது. இத்தனை வருசம் கதைச்சுக் கதைச்சு வாய் நோகுது."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணீரும் ஓடியது. மகன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அடுப்படியை விடு என்ற கதையை அவன் எடுக்கவேயில்லை.

"நாளைக்கு விநாயகபுரம் பக்கம் போய்க் கொஞ்சம் கள்ளு எடுத்துட்டு வாங்க" என்றேன் என் மனுசனிடம். "கள்ளுப் பானையைத் திரும்ப வைப்பம்."

"நேர்த்தி?"

"அம்மனிட்ட நான் கதைச்சுக் கொள்றன். ஸைனம்பு ராத்தாட்டயும் உள்ளதைச் சொல்லப் போறன். அவ வாங்காட்டியும் பரவால்ல."

"சொல்லு. ரெண்டு பானையையும் மணந்து பாக்க ஒரு ஆள் குந்திட்டு இருக்கான் எண்டும் சொல்லு."

கிளாஸில் பாதி மிச்சம் இருந்தது. அதை எடுத்து அவர் மூக்கடியில் பிடித்தேன்.

"எனக்கு வாய் நோகுதெண்டெல்லோ சொன்னநான்" என்றார்.

"நோகட்டும்" என்றேன். "சாக்கிலயிருந்து தொடங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டு அவர் தொடங்கினார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.