சூப்புச் சட்டியின் அடிப்பக்கம்

நோர்வேயில், எங்கள் புருசெத் வீட்டில் ஐந்து சில்வர் பானைகள் உண்டு. ஐந்தையும் விட்டுவிட்டு என் கணவர் குலேந்திரன் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு என் சூப்புச் சட்டியில் பாயாசம் கொண்டுபோனார். நான் வேலையில் நின்றேன்.

அது விக்டோரியா ராணி காலத்து ஐயன்ஸ்டோன் பீங்கான். வெள்ளை, நல்ல கனம், வயிற்றில் கோதுமைக் கதிர் புடைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நடந்த லொப்பமார்க்கெட் என்ற பழைய சாமான் சந்தையில், ஒரு மேசைக்கடியில் கண்டெடுத்தேன். மூடி மட்டும் இல்லை. நாலு வருஷம் தேடி, 2006இல்தான் பேரித் என்ற நோர்வேக்காரியிடம் அப்படியொரு மூடி தனியே இருப்பது தெரிந்தது.

பேரித்தும் என்னைப்போலப் பழைய பீங்கான் சேர்ப்பவள், ஆனால் கறாரானவள். சட்டியின் அடியிலும் மூடிக்குள்ளும் செய்த கம்பனியின் ஒரே முத்திரை இருந்தால் மூடி எனக்கு என்றாள். தொலைபேசியில் முத்திரையை வாசித்துக் காட்டினேன். தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் விருந்திலிருந்து சட்டி திரும்பி வந்தது.

"ஐயோ, ஏனப்பா இதைக் கொண்டுபோனனீங்கள்?"

"சத்தியபாமா, எல்லாரும் புகழ்ந்தவை. ஒண்டும் நடக்கேல்லை, பாரும்."

விளிம்பில் ஒரு கீறலில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"மாறிப் போகாமல் பேரும் வெட்டுவிச்சனான். பேர் வெட்டுற சூசைரட்ணத்தார் விருந்துக்கு மிசினோடை வந்தவர்."

எங்கள் விருந்துகளில் பானைகள் வீடு மாறிப்போகும். அதனால் அடியில் பெயர் வெட்டுவோம். சட்டியைத் திருப்பினேன். முத்திரையின் மேலேயே, நல்ல வடிவான எழுத்தில், 'குலேந்திரன்'.

"உங்களுக்கென்ன விசரா? என்ர சட்டியிலை உங்கடை பேரோ?"

"வீட்டுக்காரன்ரை பேர்தானே வெட்டுறது," என்றார். பாவம், உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேரித் வந்து சட்டியில் மூடியை வைத்தாள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பிறகு சட்டியைக் கவிழ்த்துக் பூதக்கண்ணாடியால் கனநேரம் பார்த்தாள்.

"இது என்ன எழுத்து?"

"என் கணவரின் பெயர்."

"சட்டி அவருடையதா?"

"இல்லை."

முத்திரையில் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. "மன்னித்துக்கொள்" என்று சொல்லி, மூடியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனாள். அவளில் பிழை சொல்லமாட்டேன், நானும் அதைத்தான் செய்திருப்பேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை ஹொல்ம்லியாவில் இருக்கும் சூசைரட்ணத்தார் வீட்டுக்கு ரயிலேறிப் போய், அவரின் மேசையில் சட்டியை வைத்தேன்.

"அண்ணை, என்ர பேரை வெட்டுங்கோ."

அவர் அதைக் கவிழ்க்கப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

"அடியிலை இல்லை. முன்னுக்கு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி."

இப்போது எந்த விருந்துக்கும் பாயாசம் அதில்தான் போகிறது. மூடிக்கு ஒரு சில்வர் தட்டு.