வெற்றிலைப் பச்சையில் ஊறுகாய் ஜாடி

கைசர் ஜஹான் மூடியைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை ஹம்சாவின் பட்டறை முழுக்கப் பரவியது.

“ருசி பாருடி. பாண்டி பஜார்ல நான் தொறக்கப்போற கடைக்கு இதுதான் மொதல் சரக்கு.”

ஹம்சாவின் கண் ஊறுகாய் மேல் போகவில்லை, ஜாடி மேலேயே நின்றது. வெற்றிலைப் பச்சை, கண்ணாடி போலப் பளபளப்பு. டைல்ஸ் கம்பெனி சோதனைக்கூடத்து வேலையை விட்டுவிட்டுத் திருவான்மியூரில் அவள் சொந்தப் பீங்கான் பட்டறை போட்ட புதிதில் சுட்டது. இதில் பூ போட்டு வை என்று கைசருக்குக் கொடுத்திருந்தாள். இருவரும் மயிலாப்பூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

“யாராவது இதைச் சாப்ட்டாளா?”

“இல்ல, ஊறட்டும்னு வெச்சிக்கினு கீறேன். இன்னாடி, மூஞ்சி மாறுது?”

ஹம்சா ஜாடியை வாளியில் கவிழ்த்தாள். ஊறுகாய் சொத்தென்று விழுந்தது.

“அடிப்பாவி! எத்தினி நாள் வெயில்ல வெச்சி எடுத்தேன் தெரியுமா?”

“உள்ளே பார்.”

துணியால் துடைத்துக் காட்டினாள். சாறு நின்ற மட்டம் வரை பளபளப்பு போய், உள்பக்கம் சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது.

“மணல் உருகினாத்தான் இந்தக் கண்ணாடிப் பூச்சு வரும். மணல் மட்டும்னா என் சூளைச் சூடு போதாது. துவரம்பருப்பு குழையறதுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடறோமோல்லியோ, அந்த மாதிரி மணலைக் குழைய வைக்க ஒண்ணு வேணும். ஃப்ளக்ஸ்னு பேர். இந்த ஜாடில அது ஈயம்.”

“ஈயமா? உங்காத்துலதான் ஈயச் சொம்புல ரசம் வெக்கிறீங்களே!”

“அது வெள்ளீயம். இது காரீயம், விஷம். மணலோட சேர்த்து முன்னாடியே உருக்கி, கண்ணாடியாக்கிப் பொடிச்சு விக்கறா. அதுக்குத்தான் ஃப்ரிட்னு பேர். தூசியா நெஞ்சுல போறது குறையும், கலக்கற எனக்கு அது நல்லது. ஆனா சுட்டப்புறம் புளிப்பு பட்டா ஈயம் மெதுவாக் கசியும். பச்சைக்குப் போட்ட செம்பு அதை இன்னும் கிளப்பி விடும்.”

கைசர் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“பூ வெக்கன்னு சொன்னியே, ஏன்னு சொன்னியா?”

“சொல்லியிருக்கணும்,” என்றாள் ஹம்சா. “கடைக்கு இதே பச்சைல ஜாடி பண்ணித் தரேன். ஈயமே இல்லாம.”

“ஆவுமா?”

“ஆகும்.”

அதில் ஹம்சாவுக்குச் சந்தேகமே இல்லை. ஈய ஃப்ரிட் மூட்டையை விற்றவரிடமே திருப்பி அனுப்பினாள். பழையதில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும் என்று வாளி, சல்லடை, சூளைக்குள் அடுக்கும் பலகைகள் எல்லாம் புதிதாக வாங்கினாள். ஈயத்துக்குப் பதில் வெண்காரம். ஆனால் வெண்காரம் தண்ணீரில் கரைந்துவிடும். பூச்சில் நேராகக் கலந்தால் தண்ணீரோடு ஜாடியின் மண்ணுக்குள் இறங்கி, உலரும்போது உப்புப் பூத்தாற்போல் வெளியே வரும். அதையும் முதலில் ஃப்ரிட்டாக்க வேண்டும். கடையில் கிடைக்கும்தான். தன் பொடியில் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரிய வேண்டும் என்பதால், இந்த முறை தானே உருக்கினாள்.

அன்றைக்குக் கைசரும் வந்திருந்தாள். வெண்காரம், சுண்ணாம்புத்தூள், மணல்தூள் எல்லாம் உருக்கும் கிண்ணமான மூசைக்குள் உருகித் தேன்பாகு போல் ஆகியிருந்தன. நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியில் சாய்த்தாள் ஹம்சா. ஆரஞ்சு நிறக் கம்பியாக இறங்கிய குழம்பு சடசடவென்று வெடித்துச் சிதறியது.

“யா அல்லா!” என்று கைசர் இரண்டடி பின்னால் போனாள். ஆவி அடங்கியதும் எட்டிப் பார்த்தாள். தொட்டியடியில் கற்கண்டு நொறுங்கினாற்போல் கண்ணாடித் துணுக்குகள்.

“இனிமே இது கரையாது,” என்றாள் ஹம்சா.

முதல் சூளை ஏமாற்றியது. ஜாடிகள் நீலமாக வந்தன. மேலெல்லாம் முடி போல மெல்லிய விரிசல்.

“இது மயில்கழுத்துடி. வெத்தலை இல்ல,” என்றாள் கைசர். “கடை தொறக்கற நாளு நெருங்கிக்கினே கீது.”

“ஈயத்தோட சேர்ந்தா செம்பு பச்சையா வரும். வெண்காரத்தோட நீலத்துக்கு ஓடும். எனக்குத் தெரியும். எவ்வளவு ஓடறதுன்னு பார்க்கத்தான் இந்தச் சூளை.”

விரிசலுக்கும் காரணம் தெரிந்தது. ஆறும்போது மண்ணை விடப் பூச்சு அதிகமாகச் சுருங்கியிருந்தது. மணல்தூளைக் கூட்டினாள். நீலத்தைப் பச்சைக்கு இழுக்கக் கொஞ்சம் மஞ்சள் வேண்டும். மாடவீதியில் கோலத்துக்கு விற்கும் காவி இருக்கிறதே, அந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்புத் துருதான்; பூச்சோடு உருகினால் அது மஞ்சளாகும். அதையே வாங்கிச் சலித்துச் சிறிது சிறிதாகக் கலந்து, சின்ன ஓடுகளில் பூசிச் சுட்டுப் பார்த்தாள். ஜாடியின் உள்பக்கத்துக்குச் செம்பும் இல்லை, காவியும் இல்லை, தெளிந்த பூச்சு மட்டும்.

அடுத்த சூளையைத் திறந்தபோது கைசர்தான் முதல் ஜாடியை எடுத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே பளபளவென்று பச்சை. உள்ளே தும்பைப்பூ வெள்ளை. விரலால் சுண்டினாள், கணீரென்றது.

“அதே பச்சைடி!”

“இப்ப ஊறுகாய் போட்டுடாதே,” என்றாள் ஹம்சா.

வினிகர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்து, அந்த வினிகரைக் கிண்டியில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். முடிவை வாங்கி வரக் கைசரே போனாள். அங்கிருந்த டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

“ஈயம் இல்லவே இல்லன்னுட்டாங்கடி! நானும் ரெண்டு தபா கேட்டேன்!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை திறந்தது. ரங்கநாதன் தெருவில் துணி வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாள் ஊறுகாயை விட்டுவிட்டு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜாடி மட்டும் தருவேளா?”

கைசர் தலையை ஆட்டினாள். “ஊறுகாயோடதான்மா. துன்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

அந்த அம்மாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார், பிறகு இரண்டு ஜாடி கேட்டார். கைசர் எடுத்துக் கட்டினாள். ஹம்சா அலமாரியில் மிச்சம் இருந்த ஜாடிகளைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குள் இன்னொரு சூளை ஏற்றியாக வேண்டும்.