இரண்டு ஸ்டாப் இருட்டு

1

"படத்துக்குக் கீழ என் பேரைப் போடுங்க."

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டுவிட்டேன். சொன்னவள் அம்மா. அமெரிக்காவின் ஐடஹோவில், மலையடிவார மோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவள். "வேலை கேளு, லீவு கேளு, பேரை மட்டும் கேக்காத. பேரு கேக்குறவளைத்தான் மொதல்ல வெளிய அனுப்புவாங்க." எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்துக்கு அம்மா கட்டிக்கொடுத்த சீர் அவ்வளவுதான்.

இது கதையாக வேண்டிய அவசியமே இல்லை. படக் கடையும் படமெடுக்கும் பயிற்சியும் நடத்துகிற என் முதலாளி ராய்ஸ் டில்லட்சன் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை: மலையையும் ஏரியையும் படமெடுப்பவர்கள் பாதி இருண்ட கண்ணாடி ஃபில்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது. அவருடைய செய்திமடலுக்கு. எழுதுவது நான், பெயர் அவருடையது. பட்டம் வாங்கியவளை அதற்குத்தான் வைத்திருக்கிறார். அதற்கும், விடியலில் ஏரிக்கரைக்கு வேன் ஓட்டவும், முக்காலிகளைச் சுமக்கவும், பணம் கட்டிப் படம் பழக வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றவும்.

2

கட்டுரையின் முதல் தொடக்கம்:

விடியலில் வானம் வெளிச்சமாகவும் தரை இருட்டாகவும் இருக்கும். கேமராவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே மேல்பாதி கறுத்து, கீழ்ப்பாதி தெளிந்த ஒரு கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் —

(சரியாகத்தான் இருக்கிறது. எனக்கே தூக்கம் வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்:

எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று கேட்கும் முன், உங்கள் எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கடலா? தொடுவானம் நேர்கோடு. கறுப்பு சட்டென்று முடிகிற ஹார்டு போதும். மலையா? சிகரம் அந்தக் கோட்டைக் குத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு மெல்லக் கரைகிற சாஃப்ட் வேண்டும். எவ்வளவு கறுப்பு என்பதை ஸ்டாப் கணக்கில் சொல்வோம். ஒரு ஸ்டாப், பாதி வெளிச்சம். இரண்டு, கால். மூன்று, அரைக்கால். மேகம் மூடிய காலையில் ஒரு ஸ்டாப் சாஃப்ட்டே போதும். எதிரில் ஏரி இருந்தால் அதிகக் கறுப்புக்கு ஆசைப்படாதீர்கள். தண்ணீரில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிட எப்போதும் கொஞ்சம் மங்கல். நீங்கள் மேல்வானத்தை அளவுக்கு மீறி அடக்கினால் நிழல் நிஜத்தைவிடப் பிரகாசமாகிவிடும். பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும்.

(இது பரவாயில்லை. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

3

நிறுத்த முடியவில்லை. அடுத்து உதாரணம் வேண்டும். ராய்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுத்த உதாரணம், அவர் கடையில் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கும் ஏரிப் படம். எழுதினேன்:

அன்று காலை நான் இரண்டு ஸ்டாப் சாஃப்ட்டைத் தேர்ந்

கை நின்றுவிட்டது. வாக்கியம் பொய்யில்லை. தேர்ந்தெடுத்தது நான்தான். ஆனால் கட்டுரைக்குக் கீழே அவர் பெயர் வந்ததும் இந்த 'நான்' அவராகிவிடும்.

அன்று நடந்தது இது. ஏரிக்கரையில் முக்காலிகளோடு நிற்கும் எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் வந்ததும் தலைவர் ஃபில்டரை உரக்கச் சொல்வார். வரிசையில் இருப்பவர்கள் அதையே மாட்டுவார்கள். "மூணு! ஹார்டு!" என்றார் ராய்ஸ், காப்பிக் குவளையோடு, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லோரும் மாட்டினார்கள். நான் அவருடைய கேமராவின் பக்கத்தில் நின்றிருந்தேன். தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு ஸ்டாப் சாஃப்ட்டை எடுத்து, கோடு தெரியாமலிருக்கக் கையிலேயே பிடித்து மேலும் கீழுமாக அசைத்தபடி, ஷட்டரை அழுத்தினேன்.

காலை உணவுக்குப் பிறகு படங்களைத் திரையில் போட்டோம். எல்லோர் படத்திலும் சிகரத்தின் மேல்பாதி கரி. வானத்தைவிட ஏரி பளபளத்தது.

"என் மலைக்கு யாருய்யா குல்லா போட்டது?" என்றார் பென்ராட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.

கடைசியில் ராய்ஸின் கேமராவில் இருந்த படம் வந்தது. அறையே கைதட்டியது.

"இருங்க, நீங்க மூணுன்னுதானே கத்துனீங்க?" என்று விடாமல் கேட்டார் பென்ராட்.

ராய்ஸ் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு மூணு. எனக்கு ரெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு பாய்சி நகரத்தில் ஒரு பத்திரிகையில் புகைப்பட வேலைக்குக் கேட்டேன். உன் பெயரில் வெளிவந்த படம் ஒன்று அனுப்பு என்றார்கள். ஒன்றே ஒன்று. என்னிடம் இல்லை. ராய்ஸ் கடைச் சுவரில், அவர் பெயரில் இருக்கிறது.

4

இந்த இடத்தில் நீங்கள் ராய்ஸை வெறுக்க ஆரம்பித்திருப்பீர்கள். அது என் கைவேலை.

கதை எழுதும்போதும் ஒரு ஃபில்டரைத்தான் பிடித்திருக்கிறேன். என் பக்கம் தெரிய அவர் பக்கத்தைக் கறுப்பாக்குகிறேன். எத்தனை ஸ்டாப் என்பதுதான் கேள்வி. ஒன்று போட்டால் மறதிக்காரர். மூன்று போட்டால் திருடர். மூன்றில் நான் அழகாக இருப்பேன், அவரைவிடப் பளபளப்பேன். ஆனால் ஏதோ பொய் என்று நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

ஆகவே ஒரு ஸ்டாப் குறைக்கிறேன். நான் மறைத்தது: ராய்ஸின் கை நடுங்குகிறது. மெல்லிய கண்ணாடியை லென்ஸுக்கு முன்னுள்ள சட்டத்தின் காடியில் செருக அவரால் முடியாது. அதனால்தான் அவர் கேமராவின் பக்கத்தில் நான் நிற்கிறேன். காசு கட்டி வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வரமாட்டார்கள்.

(அந்த இடத்தில் முக்காலியை நடச் சொன்னதும் அவர்தான். பனியில் நிற்க எனக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். போதும். இன்னும் குறைத்தால் என் பக்கமே தெரியாது.)

5

கடையில், சட்டம் போட்ட படங்களுக்கு நடுவே, நேற்று மத்தியானம் கேட்டேன். முதல் வரியில் இருக்கிறது. அதற்கு அவர் சொன்னது:

"ப்ரொபசரம்மா, கேமரா யாருது?"

"உங்களது."

"அந்தப் பாறைப் பக்கம் நில்லுன்னு சொன்னது?"

"நீங்கதான். மூணு ஹார்டுன்னு சொன்னதும் நீங்கதான்."

சிரித்தார். "உன் வாய்க்கு எத்தனை ஸ்டாப் போட்டாலும் அடங்காது."

"சிரிக்காதீங்க. ரெண்டு பேரு பேரையும் போடுங்க. எடம் பாத்தது நீங்க, எடுத்தது நான். அதுதானே நடந்துச்சு?"

"போட்டா கேப்பாங்க. அவ ஏன் எடுத்தா, நீ எங்க போனேன்னு. அப்ப நான் எந்தக் கையைக் காட்டட்டும்?" வலது கையை மேசைமேல் வைத்தார். அது தனக்கென ஒரு வேலை இருப்பதுபோல ஆடியது. "இந்த சீசன் முடியட்டும், பாக்கலாம்."

"சீசன் முடிஞ்சா பனி. பனி உருகுனா அடுத்த சீசன்."

"உங்கம்மா இப்படியெல்லாம் பேசமாட்டா."

"நானும் பேசாம இருந்திருந்தா அந்த மோட்டல்லயே மெத்தை விரிச்சுக்கிட்டிருப்பேன்."

6

முடிவு, முதல் வகை: அவர் என் பெயரைப் போடுகிறார். பென்ராட் வந்து என் கையைக் குலுக்குகிறார். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. களைத்த சிரிப்பு.)

இரண்டாவது வகை: நான் மன்னிப்புக் கேட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தை அவருக்காக முடித்துக்கொடு

வேண்டாம்.

மூன்றாவது: கையைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லி அவரை ஒழிக்கிறேன். இதைச் செய்ய முடியும். இந்தப் பக்கமே அதைச் செய்திருக்கும். அதனால்தான் அவர் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். நீங்கள் தேடினாலும் அந்த ஏரி கிடைக்காது. என் பெயரை மாற்றவில்லை. ட்வைலா ஹெகார்ட்.

இன்னொன்றையும் நேரே சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே வேன் சாவியைக் கதவோர ஆணியில் மாட்டியிருந்தேன். அவர் சம்மதித்திருந்தாலும் வேலையை விட்டுக் கிளம்பியிருப்பேன். கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது மட்டுமே கணக்கு. கட்டுரையை மேசைமேல் வைத்தேன். பாதி வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதியிருந்தேன்: அன்று காலை ட்வைலா ஹெகார்ட் இரண்டு ஸ்டாப் சாஃப்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். அச்சிடுவதோ கிழிப்பதோ அவர் பாடு.

ராய்ஸ் அதைப் படித்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். ஃபில்டர் பெட்டியைத் திறக்க முயன்றார். கொக்கி இரண்டு முறை நழுவியது.

"நாளைக்குக் காலைல மேகம் இருக்குமாம்," என்றார், பெட்டியைப் பார்த்தபடியே. "எதை மாட்டச் சொல்லட்டும்?"

பதில் எனக்குத் தெரியும். இதுவரை படித்துவந்த உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சொன்னேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கதவைத் தாண்டிவிட்டேன்.