சகோதரனுக்காக ஒரு ஜெபம்

திருச்சபையின் நெடிய வரலாற்றில், பேராயர் பதவியை மூன்று முறை மறுத்து, நான்காம் முறை கண்ணீரோடு தலைகுனிந்து ஏற்றுக்கொண்ட மகான்கள் வெகு சிலரே. நம் பேராயர் அவர்களில் ஒருவர். முதல் மூன்று முறையும் அந்தப் பதவியை அவருக்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பதை மட்டும் அவருடைய பணிநிறைவு மலர் சொல்லாமல் விட்டிருந்தது.

அந்த மலரின் அச்சுப்பிரதி காரின் பின் இருக்கையில் அவர் மடியில் கிடந்தது. ஓய்வுபெற இன்னும் இருபத்தாறு நாள். ஆங்கிலிக்கன் சபையில் குருவானவராக இருபத்தைந்து ஆண்டு, பேராயராகப் பன்னிரண்டு ஆண்டு. அவர் நாட்டிய அடிக்கல் ஒவ்வொன்றிலும் ஆண்டவர் பெயரைவிட அவர் பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். கல் செதுக்கியவர்களின் தவறு என்பார், திருத்தச் சொன்னதில்லை.

மலரின் ஏழாம் அத்தியாயத்துக்கு 'தேவகரம் வெளிப்பட்ட நாள்' என்று தலைப்பு. தேர்தல் நடந்த நாளைப் பற்றியது. பேராயர் அந்தப் பக்கத்தை நாலு தரம் திறந்து நாலு தரம் மூடிவிட்டார்.

"இன்னைக்காவது சொல்லிடுவீங்களா?" பக்கத்தில் இருந்த மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எதை?"

"எதையா? பன்னிரண்டு வருஷமா தூக்கத்துல ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்களே, அதைத்தான். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. வேணும்னா நான் சொல்லிடட்டுமா?"

"நீ சும்மா இரு. அதுக்குத்தானே போறேன்."

"நான் என்னமோ பிள்ளைங்களுக்குத் திடப்படுத்தல் குடுக்கப் போறீங்கன்னு நினைச்சேன்."

திடப்படுத்தலும்தான். பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்க முடியும். பதினேழு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சபையின் குருவானவர், இறையியல் கல்லூரியில் பேராயரோடு ஒரே அறையில் இருந்தவர். கழுத்து நீளம் என்பதால் அங்கே அவருக்கு ஒட்டகம் என்று பெயர். பேராயருக்குப் பூசணி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தேர்தலின் முதல் சுற்றில், ஒட்டகம் பதினோரு வாக்கு முன்னால் இருந்தார். இரண்டாம் சுற்றுக்கு முன் யாராவது ஜெபியுங்கள் என்றார் கூட்டத் தலைவர். பூசணி எழுந்தார். குரல் தழுதழுத்தது.

"கர்த்தாவே, எங்கள் அன்புச் சகோதரனுக்காக மன்றாடுகிறோம். எங்களெல்லாருக்கும் முன்னே நிற்கிற அவரை, உமக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பலவீனத்திலிருந்து விடுவித்தருளும்."

என்ன பலவீனம் என்று அவர் சொல்லவில்லை. ஜெபத்தின் நடுவே கைதூக்கிச் சந்தேகம் கேட்கும் வழக்கம் எந்தச் சபையிலும் இல்லை. கண்ணை மூடியிருந்த நூற்றெண்பது பேரும் ஆளுக்கொரு பலவீனத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது பெரும்பான்மையோர் குடி என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் ஒட்டகம்தான்.

"என்னடா பலவீனம்?" என்று பிறகு தேநீர் குடிக்கும்போது அவர் கேட்டார்.

"உன் ஒற்றைத் தலைவலிதான்டா."

"அட, ஞாபகம் வெச்சிருக்கியே!" என்று ஒட்டகம் நெகிழ்ந்துபோனார். இரண்டாம் சுற்றில் நாற்பது வாக்கில் தோற்றார்.

கார் போய் நின்ற கோயிலுக்குப் பின்னால், அங்கி மாற்றும் சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டுப்போட்ட இரும்பு அலமாரி. சபைச் செயலர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்து, நற்கருணைத் திராட்சரசப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். லேபிளின் ஓரத்தில் பென்சில் கோடு இருந்தது. ரசம் கோட்டுக்குச் சரியாக நின்றதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். தேவையானதைக் கிண்ணத்தில் ஊற்றி, புதுக்கோடு போட்டு, பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் பிஷப் ஐயா," என்று பேராயரின் காதருகே குனிந்தார். "நம்ம பாதிரி ஐயா தங்கமானவர். ஆனா அந்த விஷயம்... உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே அன்னைக்கே கண்ணீரோட ஜெபிச்சீங்க."

செயலர் வெளியே போனார். ஒட்டகம் அங்கியின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாவி உன்கிட்ட இல்லையா?" என்று கேட்டார் பேராயர்.

"பன்னிரண்டு வருஷமா கிடையாதுடா. ஏன்னு கேட்டேன். சபை வழக்கம்னாங்க. போன தடவை இருந்த சபையிலயும் இதே வழக்கம்தான். அதுக்கு முந்தியும் அப்படித்தான்." ஒட்டகம் சிரித்தார். "வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல மூக்கை உறிஞ்சுறாங்க. என் பொண்ணு, 'அப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல சளி பிடிக்குது'ன்னு சொல்லுவா."

"உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியணும்? யாரோ எங்கேயோ என்னத்தையோ சொல்லியிருக்காங்க. வாயைத் திறந்து கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்? எவனும் கேக்க மாட்டேங்கிறான், எனக்காக ஜெபிக்கிறான். விடு. அடுத்த மாசம் நானும் ஓய்வுதான். ஒரே ஒரு தடவை அந்தச் சாவியை நம்பி என் கையில குடுத்தாங்கன்னா, நிம்மதியா போய்ச் சேருவேன்."

செயலரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: இவர் குடித்ததே இல்லை, நான் தேர்தலில் ஜெயிக்க அப்படி ஜெபித்தேன். பன்னிரண்டு ஆண்டில் ஆயிரம் பிரசங்கம் செய்த வாய்க்கு அது ஒரு பொருட்டா? பேராயர் தம்மை அறியாமல் தரையில் முழங்காலிட்டார். வெள்ளையும் பொன்னுமாக அங்கி அவரைச் சுற்றிப் பரந்தது.

"டேய் பூசணி, என்னடா இது! எழுந்திரு!"

"இல்லடா. அன்னைக்கு நான்..."

கதவு திறந்தது. செயலரும், அவருக்குப் பின்னால் சபைக்குழுவினர் நால்வரும் நின்றார்கள். வெளியே பாடகர் குழு முதற்பாட்டைத் தொடங்கிவிட்டது.

"ஐயையோ! பிஷப் ஐயா, என்ன ஆச்சு?"

ஐந்து முகங்கள். நல்ல சந்தர்ப்பம் என்று அவருக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"மோதிரம்," என்றார். "மோதிரம் விழுந்துடுச்சு."

மறுகணம் சபைக்குழு மொத்தமும் தரையில் இருந்தது. ஒருவர் மேசைக்கடியில் புகுந்தார். ஒருவர் நாற்காலிகளைத் தூக்கினார். செயலர் கன்னத்தைத் தரையில் வைத்து அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே முதற்பாட்டின் முதல் சரணத்தை மூன்றாம் தடவையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில், மேசை விளிம்பைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்த பேராயரின் வலது கையை ஒவ்வொருவரும் ஒரு தரமாவது பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இன்னும் மும்முரமாகத் தேடினார்கள். ஒட்டகமும் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.

மோதிரம் விரலில்தான் இருந்தது.